நான்காவது கண்ணி

காந்தி ரோட்டில் பகல் பதினொரு மணிக்கு
மீன் குழம்பு வாசனையும் வங்காளப் பேச்சும்
ஒரே ஜன்னல் வழியாக வருகின்றன.
லாட்ஜுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நடுவில்
என் கடையை யாராவது கண்டுபிடித்துவிடுகிறார்கள்.
'பழைய கைக்கடிகாரம் வாங்கப்படும்' என்று
மூன்று மொழியில் பலகை.
வங்காளத்தில் ஓர் எழுத்துப் பிழை என்று
இதுவரை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள்.

ஷிபானி சொல்லவில்லை.
உள்ளே வந்து கைக்குட்டையைப் பிரித்தாள்.

கடிகாரம் அசல். அதற்கு அரை நிமிடம் போதும்,
டயலும் முள்ளும் பின்மூடியும் ஒரே வயது.
என் சந்தேகம் எப்போதும் செயின் மேல்தான்.
அறுந்துபோனது, பஜாரில் வேறு போட்டேன் என்று
யாரும் பொய் சொல்வதில்லை.
யாரும் சொல்வதே இல்லை.

லூப்பைக் கண்ணில் இடுக்கினேன்.
கொக்கியின் உள்ளே முத்திரை, ஓரம் மழுங்கி.
நல்லது. போலி முத்திரை
புது மாப்பிள்ளையின் காலர் போல
கொஞ்சம் அதிகமாகவே விறைத்திருக்கும்.
முனைத்துண்டுகளைத் திருப்பினேன்,
இரண்டிலும் ஒரே எண்.
பக்கவாட்டில் தூக்கிப் பிடித்ததும்
கல் கட்டாத புடலங்காயாக வளைந்தது.
'இருபத்தைந்து வருஷம் கழற்றாமல் கட்டியிருக்கிறார்.'
'இருபத்தாறு, தீதி.'

எண்ணினேன். நான்கு கண்ணி குறைவு.
பெரிய மணிக்கட்டுக்காரன் வாங்க மாட்டான், விலை இறங்கும்.
அவள் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள்.
காலை, மதியம், மாலை, இரவு.
அறைக்கு ஒரு கண்ணி.

வெட்கத்தோடு சொல்கிறேன்,
எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

பிறகு விளிம்புகளைப் பார்த்தேன்.
இடது கையில் கட்டினால்
சாவிப் பக்க விளிம்புதான் கதவிலும் மேசையிலும் அடிபடும்.
அங்கே பழைய கீறல்கள், கறுத்துப்போனவை.
எதிர் விளிம்பில் புதுக் கீறல்கள், வெள்ளையாக.
'கை மாற்றினாரா?'
'டயாலிசிஸுக்கு இடது கையில் வழி வைத்தார்கள்.
அந்தக் கையில் வாட்ச் கூடாதாம்.'

காலைக் கண்ணியில் புதுக் கீறலே இல்லை.
அதைக் கழற்றியபோது அவர் சும்மா இளைத்திருக்கிறார்,
சர்க்கரை என்று நினைத்திருப்பார்கள்.
மதியத்தில் இரண்டு கீறல்.
மாலையில் ஏகப்பட்டது.
மூன்றையும் வரிசையாக வைத்தேன், அவளைக் கேட்காமலே.
அவள் ஒவ்வொன்றையும் தொட்டாள்.
'இது பூஜைக்கு முன்னால். இது ரயிலேறும் முன்.
இது இங்கே வந்து, லாட்ஜில், ஊக்கால் நானே தள்ளினேன்.'

இரவுக் கண்ணியில் எந்தப் பக்கமும் கீறல் இல்லை.
எடை இல்லை.
கண்ணாடி மேசையில் போட்டால்
எட்டணா சத்தம்.
மடித்த தகடு.

'இது இந்தச் செயினுடையது இல்லை.'
'தெரியும்' என்றாள்.
'நேற்று லாங்கு பஜாரில் வாங்கினேன். நாற்பது ரூபாய்.'

நான் பேசவில்லை. மின்விசிறி பேசியது.

'எல்லாவற்றையும் விற்றுவிடு, ஒன்று மட்டும் இருக்கட்டும் என்றார்.
நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருக்கிறார் இல்லையா,
ஊசி இல்லாத கையில் உருட்டிக்கொண்டிருப்பார்.
மணி கேட்பதில்லை இப்போதெல்லாம்.'

ஒரு கண்ணிக்கு ஆயிரம் கழித்தேன்.
கழிக்காமல் விட்டிருக்கலாம்.
வாடகை, கரண்ட், சென்னையில் வாங்குகிறவன்,
அவனும் லூப் வைத்திருப்பான்.
ரசீதில் எழுதினேன்: கடிகாரம் அசல். செயின் அசல்.
கழற்றிய கண்ணிகள் மூன்று அசல்.
நான்காவது
'இல்லை' என்று எழுதப் போய்ப் பேனா நின்றது.
'வெளியே உள்ளது' என்று எழுதினேன்.

பணத்தை இரண்டு முறை எண்ணினாள்.
தகட்டுக் கண்ணியைத் திரும்ப டப்பாவில் போட்டு
இரவை மூடினாள்.

படியிறங்கியவள் நின்று, பலகையை நிமிர்ந்து பார்த்து,
'தீதி, ஓர் எழுத்து தப்பு' என்றாள்.

தெரியும் என்றேன்.